மயிலாடி தந்த மகாராசன் வேதமாணிக்கம்

(கிழக்கேகோட்டை நிருபர்)

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிப் பாளையம் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு நிறுத்தம் நன்றாகத் தெரிந்திருக்கும். பாளையம் தாண்டியதும் கண்டக்டர் மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சொல்லிக் குரல் கொடுப்பார். எல்.எம்.எஸ். என்ற அந்த இடத்தில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர் ஏறி இறங்குகின்றனர். அந்த எழுத்துக்களுக்கு என்ன விரிவு என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். லண்டன் மிஷனரி சங்கம் என்பதன் சுருக்கமே அது. அச்சங்கத்தின் வளாகம் அங்கே அமைந்ததால் அந்த நாற்சந்திக்கே அப்பெயர் நிலைத்து விட்டது.

ஆனால் அந்தப் பெயர் திருவிதாங்கூர் மண்ணில் கால் வைத்த இடம் திருவனந்தபுரம் அல்ல. இங்கிருந்து தெற்கே எண்பது கிலோமீட்டருக்குள் உள்ள மயிலாடி என்னும் தமிழ்க் கிராமமே அது. கல் சிற்பத்துக்குப் பேர் போன அந்த ஊர் நம் வாசகர்களில் பலருக்குச் சொந்த ஊராகவோ, பக்கத்து ஊராகவோ இருக்கும். வெள்ளைக்காரப் போதகர் அவ்வூரைத் தானாகத் தேடிக் கண்டுபிடித்து விடவில்லை. அவரை அழைத்து வந்தவர் ஒரு தமிழர். சொந்த ஊரிலேயே அந்நியராக நடத்தப்பட்ட ஒருவர். அவர்தான் மகாராசன் வேதமாணிக்கம்.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் போன்றவர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பாடமாக அமையும். எந்த மதத்தவரானாலும் அறிந்து கொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

பெயரில் மட்டும் அரசர்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மயிலாடியில் ஒரு சாம்பவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மகாராசன். பெயர் அப்படி, வாழ்க்கையோ வேறு.

மயிலாடி அன்று திருவிதாங்கூர் அரசின் தென்கோடியில் இருந்தது. ஒரு பக்கம் மருத்துவாழ்மலை, மறுபக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய், நடுவே நாஞ்சில் நாட்டு வயல்கள். மண் வளமானது. அந்த மண்ணில் உழைத்தவர்களின் நிலை அப்படி இல்லை. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோயில் தெருவில் நடக்கக் கூடாது. உயர்சாதியார் எதிரே வந்தால் குறித்த தூரம் விலகி நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கும் மேலாடை அணியக் கூடாது. தலைக்கு வரி உண்டு. கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் வேலை செய்யும் ஊழியம் உண்டு. நிலத்தோடு சேர்த்து ஆட்களை விற்பதும் வாங்குவதும் அந்நாளில் வழக்கத்தில் இருந்தன. 1812-ஆம் ஆண்டில் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை வாணிபத்துக்குத் தடை விதித்தார். அடிமை முறை அடியோடு ஒழிந்தது 1855-இல்தான்.

இப்படிப்பட்ட காலத்தில் மகாராசன் பக்தியில் ஆழ்ந்தவராக வளர்ந்தார். குல தெய்வத்துக்கு வீட்டருகே வழிபாடு நடத்தி வந்தார். ஆனாலும் மனத்தில் ஒரு தவிப்பு. பெரிய தலம் ஒன்றைத் தரிசித்து வந்தால் அது தீரும் என்று நம்பினார். சிதம்பரம் போவதென முடிவு செய்தார்.

நந்தனார் போன வழி

சிதம்பரம் என்றதும் நமக்கு நந்தனார் நினைவு வரும். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாட்களைக் கடத்தி, திருநாளைப் போவார் என்றே பெயர் பெற்ற அந்த அடியாரின் கதையைப் பெரிய புராணம் சொல்லும். தில்லையின் எல்லையில் நின்று ஏங்கியவர் அவர். அதே தில்லையை நோக்கி, அதே ஏக்கத்தோடு, மகாராசனும் புறப்பட்டார். உடன் சென்றவர் மருமகன் சிவகுருநாதன். ஆண்டு 1799.

இந்தியாவில் ரயில் ஓடத் தொடங்கியது 1853-இல்தான். ஆகவே அவர்கள் நடந்தே சென்றனர். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, தஞ்சை என்று ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். கட்டுச்சோறு தீர்ந்த பின் வழியில் கிடைத்ததை உண்டிருப்பார்கள். சத்திரத்துத் திண்ணையிலும் அவர்களைப் போன்றவர்களுக்கு இடம் இராது.

சிதம்பரத்தை அடைந்தும் தவிப்பு தீரவில்லை. அவருடைய குலத்தாருக்குக் கோயில் உள்ளே இடமில்லை. வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்தத் தடை நீங்க நம் நாட்டுக்கு மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியானது 1936 நவம்பர் 12-இல். சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1939-இல். மகாராசன் சென்றதோ அதற்கெல்லாம் முன்பு. மனநிறைவு இன்றி அவர் ஊர் திரும்பலானார்.

தஞ்சையில் கிடைத்த இடம்

திரும்பும் வழியில் தஞ்சைப் பகுதியில் இருந்த உறவினர் வீட்டில் தங்கினர். அந்த உறவினர்கள் அதற்குள் கிறிஸ்தவ சபையில் சேர்ந்திருந்தனர். மகாராசனையும் அவர்கள் வழிபாட்டுக்கு அழைத்துச் சென்றனர்.

தஞ்சைச் சபை அந்நாளில் தென்னாட்டில் பேர் பெற்றது. அதைக் கட்டி வளர்த்த சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் காலமாகியிருந்தார். சரபோஜி மன்னரே தந்தைபோல் மதித்த பெரியவர் அவர். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜான் காஸ்பர் கோலாப். தரங்கம்பாடியில் பணி செய்த டேனிஷ் மிஷன் போதகரின் மகன். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். தமிழ் அவருக்குத் தாய்மொழி போலவே இருந்தது. கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார் வாழ்ந்ததும் அதே தஞ்சையில், அதே காலத்தில்.

அங்கே மகாராசன் கண்டது என்ன? தமிழில் பாட்டு, தமிழில் பிரசங்கம், தம்மைப் போன்றவர்களும் உள்ளே சென்று அமரும் ஒரு கட்டடம். ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சபையிலும் சாதி முழுவதும் ஒழிந்து விடவில்லை. வேளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்டோர் மறுபுறமுமாக அமர்வது அங்கே பழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் பற்றிப் பின்னாளில் பெரும் சச்சரவே நடந்தது. என்றாலும் மகாராசனின் கண்ணால் பாருங்கள். தில்லையில் கோபுரத்தைத் தொலைவில் நின்று பார்த்தவருக்கு இங்கே கூரைக்குள் ஓர் இடம் கிடைத்தது. வாசலில் தடுப்பவர் யாரும் இல்லை. பெயரைக் கேட்டு நலம் விசாரித்தனர்.

புதிய ஊரில் ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால் என்ன ஆறுதல் என்பது நமக்குத் தெரியும். ஊரிலிருந்து மாற்றலாகி வரும் கிளார்க் ஆனாலும், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்க வரும் இளைஞர் ஆனாலும், முதல் மாதத்தில் தேடுவது இரண்டுதான். ஒன்று தலை சாய்க்க இடம். மற்றொன்று வாய்விட்டுப் பேச ஓர் ஆள். பின்னது கிடைக்காமல் வேலையை விட்டு ஊர் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மகாராசன் சில காலம் அங்கே தங்கிப் பாடம் கேட்டார். கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். வேதமாணிக்கம் என்பது புதிய பெயர். சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார்.

திரும்பி வந்தவர்

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அவர் தஞ்சையிலேயே தங்கியிருக்கலாம். உறவினர் இருந்தனர், சபை இருந்தது, ஆதரவு இருந்தது. மயிலாடியில் காத்திருந்தது வரியும் ஊழியமும் விலகி நிற்கும் தெருவுமே. இருந்தும் அவர் ஊருக்குத் திரும்பினார். தமக்குக் கிடைத்தது தம் வீட்டாருக்கும் தெருவாருக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணமே காரணம். கையில் இருந்தவை தஞ்சையில் கிடைத்த சில தமிழ்ப் புத்தகங்கள்.

வீட்டில் நடத்தி வந்த பழைய வழிபாட்டை நிறுத்தினார். குடும்பத்தார் முதலில் எதிர்த்தனர். ஊரார் ஏளனம் செய்தனர். அவர் சண்டை போடவில்லை. நாள்தோறும் மாலையில் வயல் வேலை முடிந்து வருகிறவர்களைத் தம் வீட்டில் கூட்டி வைத்துப் படித்துக் காட்டினார். எழுத்தறியாதவர்களுக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். முதலில் குடும்பத்தார் சிலர், பிறகு அண்டை அயலார் என்று கூட்டம் பெருகியது. போதகர் இல்லை; ஆலயம் இல்லை; பணம் இல்லை. ஒரு வீடும் விளக்குமே தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபையாக இருந்தன.

கடற்கரை ஊர்களில் கத்தோலிக்க சபை அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, சவேரியார் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. கோட்டாற்றில் பெரிய ஆலயம் இருந்தது. உள்நாட்டு வயல்வெளிக் கிராமத்தில் ஒடுக்கப்பட்ட ஒருவரே முன்னின்று தொடங்கியது என்பதுதான் மயிலாடியின் தனிச்சிறப்பு.

ஊரை விட்டுப் போகும் எண்ணம்

கூட்டம் பெருகப் பெருகத் தொல்லையும் பெருகியது. ஒடுக்கப்பட்டவர்கள் ஒன்றாகக் கூடுவதும் எழுத்துப் படிப்பதும் ஆதிக்கம் செய்தவர்களுக்கு உவப்பாக இல்லை. அடி உதை, வரி வாங்குவதில் கெடுபிடி என்று பல விதத்திலும் நெருக்கினர். புகார் சொல்லப் போனால் கேட்பார் இல்லை.

வேதமாணிக்கம் மனம் உடைந்தார். தம்மை நம்பி வந்தவர்களைக் காப்பாற்ற வழி தெரியாமல், எல்லாரையும் அழைத்துக் கொண்டு வேறு சீமைக்குக் குடிபெயர்ந்து விடலாம் என்ற முடிவுக்கு வந்தார். அது புதிய யோசனையும் அல்ல. திருநெல்வேலிச் சீமையில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கென்று 1799-இல் முதலூர் என்ற புதிய ஊரே உண்டாகியிருந்தது. ஊரில் வாழ வழியில்லாதபோது மூட்டை கட்டுவது ஏழைகளின் பழைய வழி. நம்மில் பலரின் அப்பாவோ தாத்தாவோ கட்டிய மூட்டையும் அதுதான்.

அதற்கு முன் தஞ்சைப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு விடலாம் என்று மீண்டும் வடக்கே நடந்தார். அங்கே ஒரு செய்தி கிடைத்தது. லண்டன் சங்கத்தார் அனுப்பிய போதகர் ஒருவர் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்துக் கொண்டிருக்கிறார். எங்கே பணி தொடங்குவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்பதே அது. வேதமாணிக்கத்தின் வேண்டுகோள் அவரிடம் போய்ச் சேர்ந்தது. குடிபெயரும் திட்டம் நின்றது.

மயிலாடிக்கு வந்த புறா

அந்தப் போதகரின் பெயர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் ஒருவகைக் காட்டுப் புறாவைக் குறிக்கும். பெயருக்கேற்ப ஓரிடத்தில் நிலைகொள்ளாதவர். 1770-இல் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1797-இல் கல்கத்தாவுக்கு வந்து மனம் ஒட்டாமல் சீக்கிரமே ஊர் திரும்பியவர். மறுபடியும் 1804-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்.

1806-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி அவர் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியை அடைந்தார். ஏற்கெனவே ஒரு சபை அவருக்காகக் காத்திருந்தது. வழக்கமாகப் போதகர் வந்து சபையை உண்டாக்குவார். இங்கே சபை இருந்து போதகரை வரவழைத்தது.

இருவரும் ஒருவருக்கொருவர் பொருத்தமானவர்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் ஐரோப்பாவில் படித்தவர், திருமணம் இல்லை, முன்கோபி, தனிமை விரும்பி. மற்றவர் குடும்பஸ்தர், பொறுமைசாலி, ஊராரின் சுக துக்கம் எல்லாம் அறிந்தவர். வந்து சேர்ந்தவர்களில் பலர் வரியும் ஊழியமும் குறையும் என்ற ஆசையில் வந்தவர்கள் என்று ரிங்கல்தௌபே கசப்போடு எழுதி வைத்தார். ஒடுக்கப்பட்டவன் நிழல் தேடி வருவதில் என்ன குற்றம் என்று நமக்குத் தோன்றும். அந்த மக்களோடு மக்களாகப் பிறந்த வேதமாணிக்கத்துக்கு அது தெரிந்தே இருக்கும்.

ஆனால் ஒன்றில் ரிங்கல்தௌபேயைக் குறை சொல்ல முடியாது. தமக்கென்று அவர் எதையும் வைத்துக் கொள்ளவில்லை. எளிய குடிசையில் வாழ்ந்தார். வந்த சம்பளத்தைப் பெரும்பாலும் ஏழைகளுக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் கொடுத்து விட்டார். உடையிலும் கவனம் இல்லை. பிற்காலத்தில் அவர் வரலாற்றை எழுதியவர் அவரை ரிஷி என்றே அழைத்தார்.

தலைநகரின் அனுமதி

ஆலயம் கட்ட வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். அனுமதி திருவனந்தபுரத்தில் கிடைக்க வேண்டும். 1806-இல் ரிங்கல்தௌபே இங்கே வந்தார். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே ஆதரவாக இருந்தார். திவான் பதவியில் இருந்தவர் வேலுத்தம்பி தளவாய். இன்று தலைமைச் செயலகத்தின் முன் சிலையாக நிற்பவர். அவரிடம் எளிதில் இசைவு கிடைக்கவில்லை. ஆங்கிலக் கம்பெனியின் பிடி இறுகி வந்த காலம் அது. ஆங்கிலேயர் சிபாரிசில் வரும் எதையும் திவான் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

1808-ஆம் ஆண்டின் இறுதியில் கலகம் மூண்டது. 1809 ஜனவரியில் வேலுத்தம்பி குண்டறையில் புகழ் பெற்ற விளம்பரத்தை வெளியிட்டார். பிப்ரவரி 10-இல் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைத் தாக்கிப் பிடித்தது. மயிலாடிக்கு மிக அருகே நடந்த போர் அது. வெள்ளைக்காரப் போதகரோடு தொடர்புடையவர்கள் என்பதால் அச்சிறு சபை எப்படி நடுங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம். வேலுத்தம்பி அவ்வாண்டே மண்ணடியில் உயிர் நீத்தார். நாட்டுக்காகப் போராடியவர் என்று இரு மாநிலத்தாரும் அவரைப் போற்றுகிறோம். அதே நாட்டில் தெருவில் நடக்கவும் உரிமையற்றவர்கள் வேறொரு பக்கம் ஆதரவு தேட நேர்ந்ததும் வரலாறுதான். இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

கலகம் அடங்கிய பின் அனுமதி கிடைத்தது. 1809-ஆம் ஆண்டிலேயே மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

ஆலயமும் பள்ளியும்

ஆலயத்தோடு பள்ளியும் தொடங்கியது. தாழ்த்தப்பட்டவர் பிள்ளைகள் எழுத்துப் படிக்க அந்நாளில் வேறு வழி இல்லை. மயிலாடியில் 1809-இல் தொடங்கிய அந்தச் சிறு பள்ளியையே நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் என்று சொல்வார்கள். இங்குள்ள அலுவலகங்களில் பணிபுரியும் நம் ஊர்க்காரர்கள் பலர் அக்கல்லூரியில் படித்தவர்கள். தங்கள் படிப்பின் ஆரம்பம் ஒரு சாம்பவர் வீட்டு விளக்கொளி என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் அடுத்தடுத்துச் சபைகள் தோன்றின. அங்கெல்லாம் திரளாகச் சேர்ந்தவர்கள் நாடார் சமூகத்தவர். அவர்களும் அந்நாளில் பலவிதக் கொடுமைக்கு ஆளானவர்களே. இந்த ஊர்களுக்கெல்லாம் வேதமாணிக்கம் நடந்தே சென்று வந்தார். போதகர் வராத நாட்களில் வழிபாடு நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது, வழக்கில் சிக்கியவர்களுக்கு ஆறுதல் சொல்வது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரை வற்புறுத்துவது என்று அவருக்கு ஓய்வில்லாத வேலை.

சபை என்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மட்டும் அல்ல. ஒரு வீட்டில் சாவு என்றால் பத்து வீட்டார் வந்து நிற்க வேண்டும். ஒருவனை அதிகாரி பிடித்துப் போனால் நால்வர் உடன் போக வேண்டும். தென்பகுதிச் சபைகளில் பின்னாளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் பரவியது. சோறு வடிக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்குப் போகும். கொடுப்பவரும் ஏழை, வாங்குபவரும் ஏழை. வேதமாணிக்கம் தொடங்கி வைத்த உறவின் தன்மை அதுதான்.

தனித்து நின்ற ஆண்டுகள்

1816-இல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றி மயிலாடியை விட்டுப் புறப்பட்டார். பொறுப்பு முழுவதையும் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். அதன் பின் கொழும்பு சென்று அங்கிருந்து கப்பலேறியவர் என்ன ஆனார் என்பதே தெரியாமல் போயிற்று. அவருக்குக் கல்லறை கூட இல்லை.

அடுத்த போதகர் வரும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். வேதமாணிக்கம்தான் தலைவர். வெளியிலிருந்து ஆதரவு இல்லை. ரெசிடெண்டின் நண்பரான வெள்ளைக்காரர் போய் விட்டார் என்பதால் எதிர்ப்பவர்களுக்குத் துணிவு வந்தது. பயந்தவர்கள் பின்வாங்கினர். நாடார்களும் சாம்பவர்களும் கலந்திருந்த பல ஊர்ச் சபைகளை ஒரு சாம்பவர் தலைமை தாங்கி நடத்துவது அந்தக் காலத்தில் எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் சபை கலையவில்லை.

விலகி நின்ற பெருமை

1818-இல் சார்லஸ் மீட் வந்து பொறுப்பேற்றார். மிகுந்த திறமைசாலி. ராணி கௌரி பார்வதி பாயின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. ராணி நிலம் வாங்க ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். மீட் தலைமை இடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கே பெரிய ஆலயத்துக்கு 1819-இல் அஸ்திவாரம் போடப்பட்டது. அச்சகம் வந்தது. பெண்களுக்குப் பள்ளி வந்தது. மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னல் ஏழைப் பெண்களுக்குக் கைத்தொழில் ஆயிற்று.

மயிலாடி பின்னுக்குப் போயிற்று. தம் வீட்டில் தொடங்கியது தம் ஊரை விட்டே நகர்ந்து போனதை வேதமாணிக்கம் கண்முன்னே பார்த்தார். நாம் தொடங்கிய சங்கத்தில் புதிய செயலாளர் வந்து அலுவலகத்தை மாற்றினாலே நமக்குப் பொறுப்பதில்லை. ஒன்று இரண்டாகி விடுகிறது. வேதமாணிக்கம் தனிச் சபை வைக்கவில்லை. வந்தவருக்கு வழிவிட்டு, ஊழியர்களில் ஒருவராகத் தொடர்ந்து உழைத்தார். 1827-இல் காலமானார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1822-இல், மேலாடை உரிமைக்கான போராட்டம் கல்குளம் பகுதியில் தொடங்கி விட்டது. அது பல கட்டமாக நடந்து 1859-இல்தான் அரச விளம்பரத்தில் முடிந்தது. இடையில் பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின. வேதமாணிக்கம் தொடங்கியது எத்தகைய மாற்றத்துக்கு விதை என்பதற்கு இதுவே சான்று.

சுவர் முழுவதும் விழுந்து விட்டதா என்றால் இல்லை. மீட் ஐயரே 1852-இல் ஒரு சாம்பவர் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். சக போதகர்கள் அதை ஏற்கவில்லை. அவர் சங்கப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு நடுவிலும் அத்தனை தூரம் இருந்தது. அதன் பின் மீட் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளைக் கவனிக்கும் பணியை ஏற்றார்.

இரு பெயர்கள்

லண்டன் சங்கத்தின் பணி திருவனந்தபுரத்துக்கு 1838-இல் வந்தது. இன்று எல்.எம்.எஸ். நாற்சந்தியில் நிற்கும் மட்டீர் நினைவு ஆலயம் 1906-இல் திறக்கப்பட்டது. 1947-இல் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதையொட்டி 1959-இல் கன்னியாகுமரிக்குத் தனிப் பேராயம் அமைந்தது. ஒரே வீட்டில் தொடங்கியது இரு மாநிலத்து இரு பேராயங்களாக விரிந்தது.

மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் என்ற இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. கடல் கடந்து வந்த அந்நியர் ஒருவர். சொந்த ஊரிலேயே அந்நியராக இருந்தவர் ஒருவர். ஒருவரை ஒருவர் ஏற்றுக் கொண்டதால் இருவருக்கும் அங்கே ஊர் கிடைத்தது.

கிழக்கேகோட்டைக் காந்தி பூங்காப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போனால் நம் ஆட்களைப் பார்க்கலாம். நெல்லைக்காரர், குமரிக்காரர், மதுரைக்காரர் என்று கூட்டம் கூட்டமாக நின்று ஊர்க்கதை பேசுவார்கள். சிலர் காலையில் தமிழ் ஆராதனைக்குப் போய் வந்தவர்கள். சிலர் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வந்தவர்கள். சிலர் பாளையம் பள்ளிவாசலில் தொழும் வழக்கமுள்ளவர்கள். சற்றுத் தள்ளி யாரோடும் சேராமல் ஓர் இளைஞர் பையோடு நிற்பதும் உண்டு. அன்று காலை ரயிலில்தான் வந்து இறங்கியிருப்பார்.

வேதமாணிக்கம் தஞ்சையில் அப்படித்தான் ஒரு நாள் நின்றார். யாரோ ஓர் உறவினர் வா என்று உள்ளே அழைத்தார். அந்த அழைப்பை அவர் தம்மோடு வைத்துக் கொள்ளவில்லை. நெடுந்தூரம் நடந்து வந்து தம் தெருவாருக்குக் கொடுத்தார். அடுத்த முறை எல்.எம்.எஸ். நிறுத்தத்தில் இறங்கும்போது அவரை ஒரு கணம் நினைத்துக் கொள்வோம். அந்த இளைஞரைக் கண்டால் எந்த ஊர் தம்பி என்று கேட்போம்.